பிறவிக் குறி

அண்ணன் வண்டியின் பின்கதவைத் திறந்து சாய்வுப் பலகையை இறக்கினான். பிடாரி தடதடவென்று இறங்கி வந்தது. நான்கு மாதம் கழித்துப் பார்க்கிற ஆசையில் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் போன தங்கை லாடக்காரி, நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டாள். குதிரையின் இரண்டு தோளிலும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை.

அனுப்பும்போது அந்த இடத்தில் ஒரு வெள்ளை மயிர்கூடக் கிடையாது. அவளுக்குத் தெரியாதா? அது பிறந்த அன்று ஈரத்தைத் துடைத்துவிட்டவளே அவள்தான். மூன்று வருடம் தேய்த்துக் குளிப்பாட்டியவளும் அவள்தான். உச்சி முதல் குளம்பு வரை செம்மண் நிறம், நெற்றியில்கூட ஒரு பொட்டு இல்லாத குதிரை அது. கிட்டே போனவனையெல்லாம் கடிக்கப் பார்த்ததால் அடங்காப்பிடாரி என்று பெயர் வைத்து, கூப்பிடச் சுருக்கிப் பிடாரி ஆயிற்று.

"எப்படி இருக்கா நம்ம பொண்ணு?" என்றான் அண்ணன். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் அப்பன் மாதிரி முகமெல்லாம் பல்.

அவள் வெள்ளையின் ஓரத்தில் ஒரு விரலை வைத்தாள். விரலுக்கடியில் தோல் சுருங்கித் துடித்தது. பிடாரி ஓரடி பின்வாங்கிக் காதை மடக்கிக்கொண்டது. மேலே மயிர் முளைத்துவிட்டது, உள்ளே வலி இன்னும் போகவில்லை.

"கழுத்துப் பட்டை போட்டியா?"

"மெதுவாப் பேசு. எல்லாரும் போடுறதுதான்."

"பட்டை போட்டியான்னு கேட்டேன்."

"ஆறு வாரம். கழட்டவே இல்ல. உனக்கு நெஞ்சு தாங்காதுன்னுதான் முன்கூட்டியே சொல்லல."

அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. லாடம் அடிக்கும்போது ஒரு முரட்டுக் குதிரை உதைத்து, மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டோடு அவள் கிடந்தபோது, "நீ கையைப் பாரு, குட்டியை நான் பாத்துக்கறேன்" என்று கூட்டிக்கொண்டு போனவன் இவன். கூடப் பிறந்தவனாயிற்றே என்று நம்பிக் கொடுத்தாள். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியதுதான் மிச்சம்.

இந்தக் குதிரைகளுக்கு முன்பெல்லாம் பெயரே கிடையாது. சூளைக் குதிரை என்பார்கள், அவ்வளவுதான். குட்டைக் கால், தடித்த கழுத்து. செங்கல் வண்டியை மேட்டில் இழுக்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் இழுக்கும். லாரி வந்தது, குதிரைகள் கசாப்புக்குப் போயின, ஏனென்று கேட்க ஒரு நாதியில்லை. கிட்டத்தட்ட எல்லாம் தீர்ந்த பிறகு ஒரு பேராசிரியர் சூளை சூளையாக அலைந்து பதினோரு பெண் குதிரைகளையும் இரண்டு ஆண் குதிரைகளையும் கண்டுபிடித்தார். பெண் குதிரைகளில் ஆறு, இந்த அண்ணன் தங்கையின் அப்பா வைத்திருந்தவை. பேராசிரியர் உயரம் அளந்தார், பல்லைப் பிடித்துப் பார்த்தார், எல்லாவற்றின் தோளிலும் வெள்ளைத் திட்டு இருப்பதைப் பார்த்து அசந்துபோனார். வெண்தோள் இனம் என்று எழுதினார். பிறகு சங்கம் வந்தது, பதிவேடு வந்தது, பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒரு சட்டமும் வந்தது: இரு தோளிலும் பிறவியிலேயே வெள்ளைக் குறி இல்லாத குதிரை இந்த இனத்தைச் சேர்ந்தது அல்ல.

குறியாவது, பிறவியாவது! உள்ளே திணித்த வைக்கோல் நைந்துபோன கழுத்துப் பட்டையில், மரச்சட்டம் தோளை உரசி உரசி உண்டாக்கிய புண் அது. பட்டைப் புண் ஆறின இடத்தில் குதிரைக்கு வெள்ளை மயிர்தான் முளைக்கும். லாடம் அடிக்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான். பேராசிரியர் லாடக்காரனைக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து முப்பத்தைந்து வருடமாகக் குட்டிகள் சுத்தமான தோளோடு பிறக்கின்றன. மூன்றாம் வயதில் ஆய்வுக்கு வரும்போது எல்லாவற்றுக்கும் வெள்ளை இருக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. வாழ்நாளில் ஒரு வண்டியைக்கூட இழுக்காத குதிரைக்கு வண்டிப் புண். இந்த அக்கிரமத்துக்குத்தான் இனத்தை மீட்பது என்று பெயர். பிடாரியின் அம்மாவுக்கு அப்பாவே பட்டை போட்டார். அன்றைக்கு லாடக்காரியும் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தாள். அதை நினைக்கும்போதெல்லாம் தன்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கும் அவளுக்கு.

இந்தத் தடவை சும்மா இருப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அப்பாவின் ஆறு குதிரைகளில் ஒன்று உதைகாலி. அதன் வம்சத்தில் மிச்சம் இருக்கிற ஒரே பெண் பிடாரி. மூன்று வயதில் பதிவேட்டில் ஏறாவிட்டால் அப்புறம் எப்போதும் ஏற முடியாது. அது போடும் குட்டியும் கணக்கில் வராது. அதனால் சுத்தமான தோளோடு கொண்டுபோய் நிறுத்தி, ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள், தோலைப் பார்க்காதீர்கள் என்று சண்டை போடுவதாக இருந்தாள். இப்போது அந்தத் தோளையே அண்ணன் கெடுத்து வைத்திருந்தான்.

ஆய்வு நடந்தது ஒரு பழைய கிடங்கில். சிமென்ட் தரையில் சுண்ணாம்புக் கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் நீளமான மேஜை, மேஜைக்குப் பின்னால் சுவரில் அப்பாவின் பெரிய படம். இந்தப் பக்கம் முப்பது பேர் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மிருக டாக்டர் அளப்பார், தலைவர் தடவிப் பார்ப்பார், உரிமையாளர் படிவத்தை நிரப்பித் தருவார், அதைக் குமாஸ்தா மைக்கில் வாசிப்பார். பின்னால் தகராறு வரக் கூடாது என்பதற்காக, முடிவைக் காரணத்தோடு வாசித்தே ஆக வேண்டுமாம். குமாஸ்தாவின் குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் கிடையாது. இருபத்திரண்டு குதிரைகளையும் ரயில் வரும் நேரம் சொல்வது போலச் சொல்லி முடித்திருந்தார். இருபத்திரண்டும் ஏற்பு. அடுத்தது பிடாரி.

"அடடா!" என்றார் தலைவர். வீடு கட்டும் சாமான்கள் விற்பவர். குதிரைக்குத் தீனி போட்டுப் பழக்கமில்லாதவர். "ரெண்டு பக்கமும் அச்சு அசலா இருக்கே! பேராசிரியர் இருந்திருந்தா அழுதிருப்பார்."

பிடாரி அவருடைய சட்டைக் கையைக் கவ்வப் பார்த்தது. அவர் துள்ளி விலகினார். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

குமாஸ்தா படிவத்தைத் தள்ளினார். தோளில் உள்ளது பிறவிக் குறியா, உரிமையாளர் தன் கையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆம் என்றால் ஏற்பு, இல்லை என்றால் நிராகரிப்பு.

"இது குறி இல்லீங்க, புண்ணு" என்றாள் லாடக்காரி. "பட்டை போட்டு வரவழைச்சது. இந்த வரிசையில நிக்கிற அத்தனைக்கும் அப்படித்தான்."

தலைவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. "அம்மா, உங்க குடும்பம் இல்லேன்னா இந்தச் சங்கமே இல்ல. நீங்களே இப்படிப் பேசலாமா?" என்றவர், மேஜையிலிருந்த கனத்த புத்தகத்தைப் புரட்டி வாசித்தார். "'இக்குறி பிறவியிலேயே உண்டு என்றும், தாய்க்கும் இருந்தது என்றும் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர் உறுதி அளித்தார்.' பேராசிரியர் எழுதினது. அவர் பொய்யா எழுதியிருப்பார்? இல்ல, உங்க அப்பாதான் பொய் சொன்னாரா?"

"அப்பா சொல்லல. நான் சொன்னேன்."

அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அவனுக்குத் தெரியும்.

"எனக்கு அப்போ பன்னிரண்டு வயசு" என்றாள். "மிருகங்களைக் கொடுமை பண்றாங்களான்னு பாக்க அதிகாரிங்க சூளை சூளையா வந்துக்கிட்டிருந்தாங்க. புண்ணைப் பாத்தா குதிரையை ஓட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. யார் வந்து கேட்டாலும் பிறவியிலேயே இருக்குன்னு சொல்லுன்னார் அப்பா. பேராசிரியர் வந்தப்போ அவரும் அதிகாரின்னு நெனச்சேன். பிறவியிலேயே இருக்கு சார், அதோட அம்மாவுக்கும் இருந்துச்சு சார்னு நானே ஒண்ணு சேத்துச் சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதிக்கிட்டுப் போனார். ஒரு சின்னப் புள்ள பயத்துல உளறினதை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷமா குட்டிங்க தோலை உரிச்சுக்கிட்டிருக்கீங்க."

தலைவர் புத்தகத்தை மெதுவாக மூடினார்.

"சரி, நீங்க சொல்றபடியே வெச்சுக்குவோம். அப்போ அந்தப் பதினொண்ணுக்கும் பிறவிக் குறி கிடையாது. குறி இல்லேன்னா சட்டப்படி அதுங்க இந்த இனமே இல்ல. அதுங்க வயித்துல வந்த உங்க குதிரையும் இல்ல. அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?"

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது, வயிறெரிந்து வருகிற சிரிப்பு. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். பாவம், குதிரை எந்தக் காலத்தில் குழி பறித்தது? அதெல்லாம் மனிதன் செய்கிற வேலை.

அண்ணன் அவள் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப் போனான். "ஊர் முன்னாடி அப்பாவைக் கொடுமைக்காரன் ஆக்கிட்ட. திருப்தியா?"

"அப்பாவுக்கு பட்டையில வைக்கோல் மாத்தக்கூட நேரம் கெடையாது. அடுத்த நடை அடிச்சாத்தான் அடுப்பு எரியும். அது வயித்துப்பாட்டுக்கு வந்த புண்ணு. நீ எதுக்குடா போட்ட? ஒரு காயிதத்துக்கு!"

அவனை அவள் 'டா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் முகம் செத்துப்போயிற்று. அடுத்துப் பேசியபோது குரலில் அதட்டல் இல்லை.

"எனக்கு மட்டும் ஆசையா? அது ராவெல்லாம் செவுத்துல தோளை முட்டிக்கிட்டு நிக்கும். நானும் தூங்கல. இது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு பாப்பா. பட்ட கஷ்டம் பட்டாச்சு, புண்ணும் ஆறிடுச்சு. இப்ப நீ கையெழுத்துப் போடலேன்னா அந்த ஆறு வாரமும் வீண். உதைகாலி வம்சத்தை நீயே முடிச்சு வெச்சதா ஆகும். யோசிச்சுக்கோ."

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்றால் இதுதான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் அவளை இன்னும் எரித்தது. ஒரு வார்த்தை எழுதினால் போதும். பிடாரி புத்தகத்தில் ஏறும், அடுத்த வருடம் குட்டி போடும், உதைகாலியின் ரத்தம் ஓடும். அந்தக் குட்டிக்கும் மூன்று வயது ஆகும். அதற்கும் யாராவது ஆறு வாரம் பட்டை போடுவார்கள். நெஞ்சு தாங்காது என்று இவளிடம் சொல்லாமல் போடுவார்கள்.

மேஜைக்குத் திரும்பிப் போனாள். மணிக்கட்டு இன்னும் சரியாகக் கூடவில்லை. பேனாவை அழுத்திப் பிடித்தால் வலித்தது. அழுத்தித்தான் எழுதினாள். மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, படிவத்தைத் தலைவரிடம் கொடுக்காமல் நேராகக் குமாஸ்தாவிடம் நீட்டினாள்.

தலைவர் அப்போது டாக்டரிடம் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். காகிதத்தில் இருப்பதை மைக்கில் சொல்வதைத் தவிர வேறெதையும் பழகாத குமாஸ்தா, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

"எண் இருபத்து மூன்று. பெண் குதிரை. வயது மூன்று. உதைகாலி வம்சம். நிராகரிப்பு. காரணம்: தோளில் உள்ளது பிறவிக் குறி அல்ல, பட்டைப் புண். போட்டது என் அண்ணன். முதன்முதலில் பிறவிக் குறி என்று..."

"அதை நிறுத்துங்க!" என்று தலைவர் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"...பேராசிரியரிடம் பொய் சொன்னது நான். இந்த இனத்துக்கு வெண்தோள் கிடையாது. கையெழுத்து, உரிமையாளர்" என்று வாசித்து முடித்த பிறகுதான் குமாஸ்தாவுக்கே தான் வாசித்தது என்னவென்று உறைத்தது. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

அண்ணன் யாரையும் பார்க்காமல் வெளியே போனான். லாடக்காரி பிடாரியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையை ஒட்டி நடந்தாள். இனி அது வெறும் சூளைக் குதிரை. கண்ணில் நீர் முட்டியது, கோபம் அதைக் கீழே விழ விடவில்லை. குதிரைகளின் தோள்களைப் பார்த்துக்கொண்டே போனாள். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. பிடித்திருந்தவர்களில் ஒருவர்கூட அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒருவன் தன் குதிரையை மெல்லத் திருப்பிச் சுவர்ப் பக்கமாகத் தோளை மறைத்துக்கொண்டான்.

"எண் இருபத்து நான்கு" என்றார் குமாஸ்தா.

யாரும் வரவில்லை.

"எண் இருபத்து நான்கு, கோட்டுக்கு வரவும்."

இருபத்து நாலாம் எண் அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு பஸ் டிரைவர். அவருடைய குதிரைக்கு மயிர் இன்னும் சரியாக மூடவில்லை, வெள்ளைக்கு நடுவே இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது. அந்த இடத்தைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.