சுற்றக்கூடாத சக்கரம்

எண்ணெய் வடிகட்டியைக் கழற்றித் துணியில் தட்டியபோது மினுமினுவென்று ஏதோ ஒட்டியது. நௌஷாட் அதை விரலால் தேய்த்துப் பார்த்தான். மணல் இல்லை, தேய்ந்து உதிர்ந்த பேரிங்கின் உலோகம்.

"உள்ள எங்கயோ தின்னுது, விசு அண்ணை" என்றான்.

சிலாவத்துறைக்காரனான நௌஷாட்தான் அந்தப் பழைய இழுவைக் கப்பலின் என்ஜினியர். அவனோடு இயந்திர அறையில் வேலை செய்யும் விசுவலிங்கம் உயிலங்குளத்துக்காரர், அவனைவிட மூத்தவர். தலைமன்னாரில் இறங்குதுறை திருத்தும் வேலைக்குக் கருங்கல் ஏற்றிய தட்டைப் படகான பார்ஜை இழுத்து வருவதுதான் கப்பலுக்குத் தொழில். அன்று பார்ஜைத் துறையில் விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டிருந்தார்கள்.

இயந்திரத்தைத் திறக்கவேண்டும் என்று கேட்டபோது கப்டன் றொபேட் வானத்தைப் பார்த்தார். "வாடைக் காத்து எழும்ப முதல் வேலையை முடிச்சுப்போடு" என்றார்.

அவசரப்பட முடியாத வேலை அது. சூட்டோடு திறந்தால் உள்ளே தேங்கி நிற்கும் எண்ணெய்ப் புகைக்குக் காற்றுப் பட்டுத் தீப்பிடித்துவிடும். இயந்திரம் ஆறும் வரைக்கும் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். நௌஷாட் இயந்திரத்தைக் கிளப்பும் காற்றுக் குழாயை மூடி, பூட்டுப் போட்டு, பூட்டின் திறப்பைச் சட்டைப் பைக்குள் வைத்தான். மேலே, கப்டன் அமத்தி இயந்திரத்தைக் கிளப்பும் ஆளிக்குப் பக்கத்தில், உள்ளே ஆள் வேலை செய்கிறார் என்று எழுதிய பலகையைத் தொங்கவிட்டான். மிஞ்சியது இயந்திரத்தின் தண்டோடு சேர்ந்து சுற்றும் பெரிய சக்கரம். அதை அசையாமல் பிடிக்கும் இரும்பு ஆணி தேய்ந்துபோயிருந்தது. புதிதாக ஒன்று கேட்டும் கேட்டும் கம்பனி அனுப்பவில்லை. அவன் ஆணிக்குப் பதிலாக ஒரு மரத்துண்டைச் செருகி, சுத்தியலால் அடித்து இறுக்கினான். மனம் ஒப்பவில்லை. ஆனாலும் அடித்தான்.

விசுவலிங்கம் இயந்திரத்தின் பக்கக் கதவைக் கழற்றி இடுப்பு வரைக்கும் உள்ளே நுழைந்தார். "நாலாவது பேரிங் போல்ட் இளகிக் கிடக்குது" என்ற அவருடைய குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

இயந்திரம் ஓடாத நேரத்தில் அந்த அறையில் கடல் கேட்கும். தகட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் உரசிக்கொண்டே இருக்கும். அந்த உரசல் மெல்ல மெல்லப் பலப்பதை நௌஷாட் கவனித்தான். அதற்குப் பிறகு முன்பக்கத்திலிருந்து நங்கூரச் சங்கிலி உறுமியது. கொஞ்சம் ஓய்ந்து மறுபடி உறுமியது. கப்பல் பின்னுக்குப் போகிறது என்று அவனுடைய பாதங்களுக்குத் தெரிந்தது.

மரத்துண்டு கிரீச்சிட்டது.

அந்தக் கப்பலில் தண்ணீருக்குள் சுற்றிக் கப்பலைத் தள்ளும் சுழலியும் இயந்திரமும் ஒரே தண்டில் நேரே பிணைந்திருந்தன. கப்பல் இழுபட்டால் தண்ணீர் சுழலியைத் தள்ளும். சுழலி அசைந்தால் இயந்திரத்தின் உட்பாகமும் அசையும்.

"அண்ணை, வெளிய வாங்கோ. கெதியா."

விசுவலிங்கம் உடம்பைப் பின்னுக்கு இழுத்தார். தலை வந்தது, இடது கை வந்தது. வலது கை வரவில்லை. சக்கரம் ஒரு விரலளவு நகர்ந்திருந்தது. உள்ளே இரண்டு இரும்புகளுக்கு நடுவில் அவருடைய முன்கை அகப்பட்டிருந்தது. அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

நௌஷாட் நீண்ட கடப்பாரையைச் சக்கரத்தின் துளைக்குள் செருகி அதன்மேல் குப்புற விழுந்தான். அந்தப் பக்கத்திலிருந்து கடல் தள்ளியது. அவனுடைய விலாவெலும்பு வழியாக அதன் பலம் ஏறியது.

போன் அடித்தது. ஒரு கையால் எட்டி ரிசீவரைக் காதோடு அணைத்தான்.

"நங்கூரம் பிடிக்கேல்ல. இஞ்சின் தா" என்றார் கப்டன். "பின்னால மணல்திட்டு."

"தரேலாது, கப்டன். விசு அண்ணைட கை உள்ள."

"எடுக்கச் சொல்லு."

"எடுக்கேலாமல் கிடக்கு."

போனுக்குள் காற்று இரைந்தது. "நௌஷாட், கப்பல்ல ஆறு பேர் இருக்கிறம்" என்றார் கப்டன்.

நௌஷாட் இரண்டு கைகளாலும் கடப்பாரையை அழுத்தினான். ரிசீவர் கீழே விழுந்து தொங்கியது. ஏணியில் சப்பாத்துக் கால்கள் இறங்கி வந்தன. றொபேட் முன்னால் வந்து நின்று கையை நீட்டினார்.

"திறப்பைத் தா."

"பையில இருக்கு. எடுக்கிறதெண்டால் நீங்களே எடுங்கோ. நான் இந்தக் கடப்பாரையை விடமாட்டன்."

றொபேட்டின் கை அவனுடைய சட்டைப் பை வரைக்கும் வந்தது. அப்போதுதான் அவர் இயந்திரத்தின் கதவுப் பக்கம் திரும்பினார். விசுவலிங்கம் கன்னத்தை இரும்பில் சாய்த்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டில் வியர்வை வழிந்தது.

"கப்டன், சுத்தாதேங்கோ" என்றார்.

றொபேட் கையை எடுத்துக்கொண்டார். "மணல்தானே. ஏறட்டும்" என்று தனக்குத்தானே சொல்லியபடி மேலே ஓடினார்.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தான் என்று நௌஷாட்டுக்குத் தெரியாது. உதடு குர்ஆனின் யாசீனை ஓதியது, பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து ஓதியது. கடல் ஒரு தடவை பலமாகத் தள்ளியது. விசுவலிங்கத்திடமிருந்து முனகல் ஒன்று எழுந்தது, உள்ளே எலும்பு முறிவது கேட்டது. கப்பலின் அடி மணலில் இடித்து, ஏறி, ஒரு பக்கம் சரிந்து நின்றது. தள்ளல் விட்டுப்போயிற்று. நௌஷாட் கடப்பாரையை மறுபக்கம் நெம்பினான். சக்கரம் விரலளவு பின்வாங்கியது. விசுவலிங்கம் கையை மார்போடு அணைத்தபடி தரையில் சரிந்தார்.

கடற்படையின் படகு வந்து அவரைக் கொண்டுபோனது. கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, ஆனால் வெட்டவேண்டி வரவில்லை.

காற்று அடங்கிய பிறகு வேறொரு கப்பல் வந்து இவர்களைத் திட்டிலிருந்து இழுத்துவிட்டது. அன்று பின்னேரம் றொபேட் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்து நௌஷாட்டுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"கம்பனிக்காரர் கேட்டால் நான்தான் திட்டில ஏத்தினனான் எண்டு சொல்லுவன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்டு சொல்லவேணும். உனக்குப் போன் எடுக்க முதலே நான் ஆளியை அமத்திப்போட்டன். பலகையைக் கழட்டி எறிஞ்சுபோட்டுத்தான் அமத்தினனான். ஒண்டும் கிளம்பேல்ல. அதுக்குப் பிறகுதான் போன் எடுத்தனான்."

நௌஷாட் கோப்பையைக் கீழே வைத்தான். காற்றுக் குழாயைப் பூட்டிய திறப்பு இன்னும் சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான்.

"அடுத்த கல்லு வெள்ளிக்கிழமை" என்றார் றொபேட், கடலைப் பார்த்தபடி. "அதுக்குள்ள இஞ்சின் ஓடவேணுமாம். விசுவுக்குப் பதிலா முருங்கன்ல இருந்து ஒரு ஆளை அனுப்புறாங்கள்."

ஊருக்குப் போய்விடலாம் என்று நௌஷாட் காலையிலேயே பையைக் கட்டி வைத்திருந்தான். அவன் போனால் இன்னொரு என்ஜினியர் வருவான். இந்தக் கப்டனை அவனுக்குத் தெரிந்திராது. முருங்கனிலிருந்து வருகிறவர் அந்தக் கதவுக்குள் தலையை நுழைப்பார்.

அவன் எழுந்து இயந்திர அறைக்கு இறங்கினான்.