ஒரே கல்சட்டி

கல்சட்டி எங்கள் மேசைக்கு வந்தபோது அதில் வெந்தய நுரை மிதக்கும் ஸல்தா என்ற கறிக்குழம்பு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் எனக்கு எதிரே ஒரு துப்பாக்கி வந்து உட்கார்ந்தது. துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு ஆளும் இருந்தார். நான் அந்த வரிசையில்தான் கவனித்தேன்.

ஏமன் தலைநகர் ஸனாவின் உப்புச் சந்தையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் சொந்த மேசை கிடையாது. இடுக்கு தெரிந்தால் இடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அன்று இடுக்கு எங்கள் மேசையில் இருந்தது. கடையின் அடுப்புகள் கிளம்ப முடியாத விமானம் போல இரைந்தன. அதற்கு மேல் பரிமாறுபவர்கள் கத்தினார்கள். அதற்கும் மேல் பசித்தவர்கள் கத்தினார்கள். துப்பாக்கியோடு சாப்பிட வருபவரை இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பார்த்தது அதன் தோள்வாரில் தொங்கிய பச்சைக் குஞ்சத்தை. மலைக் குலத்தலைவர் ஷேக் முஸ்ஃபிரின் ஆட்கள்தான் அந்தக் குஞ்சம் கட்டுவார்கள்.

ஷேக் முஸ்ஃபிரின் புதுக் கார் எங்கள் கல்லூரி வாசலில் ஒரு பள்ளத்தில் விழுந்தது. இதுவரை உண்மை. ஷேக் அந்தப் பள்ளத்தைப் பஞ்சாயத்துக்கு இழுத்து, "ஒரு காளையை அறுத்து என் கார்கிட்ட மன்னிப்புக் கேள்" என்று தீர்ப்புச் சொன்னதாக ஒரு ஒலிப்பதிவு உலவியதே, அது நான் செய்தது. அதில் வழக்கை வாசிக்கும் குமாஸ்தாவுக்கு என் குரல், ஷேக்குக்கு ஷேக்கின் குரல். இரண்டும் என் தொண்டையிலிருந்துதான். வகுப்பு நண்பர்களுக்கு மட்டும் அனுப்பினேன். இந்த ஊரில் 'மட்டும்' என்றால் எல்லாருக்கும் என்று பொருள். ஊரே மெல்லும் காத் இலையை விற்கும் சந்தை வரைக்கும் போய், கடைசியில் ஷேக்கின் காதுக்கும் போனது. அதைக் கைப்பேசியில் வைத்திருந்த மருந்தியல் மாணவன் ஒருவனை ஷேக்கின் ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பக் கொண்டுவந்து விட்டபோது அவன் தாடை உடைந்திருந்தது. இப்போது கம்பி போட்டிருக்கிறார்கள். அவன் செய்ததெல்லாம் கேட்டுச் சிரித்தது. கேட்டவனுக்குத் தாடை என்றால் பேசியவனுக்கு எது என்பதைப் பற்றி நான் ஒரு வாரமாக யோசிக்காமல் இருந்து வந்தேன்.

"இடம் இருக்கா தம்பிகளா?" என்றார் அவர், உட்கார்ந்து முடித்த பிறகு.

"கடையே உங்களோடதுண்ணே," என்றான் என் நண்பன் ஹிஷாம். பயந்தால் அவனுக்கு உபசாரம் பொங்கும்.

அவர் பெயர் முஜல்லி என்பது, "முஜல்லி அண்ணனுக்கு ஒரு ஸல்தா!" என்று பரிமாறுபவர் உள்ளே கத்தியதில் தெரிந்தது. முஜல்லி எங்கள் புத்தகங்களில் இருந்த கல்லூரி முத்திரையைப் பார்த்துவிட்டு, கைப்பேசியை எடுத்து மேசை நடுவில் வைத்தார். அடுப்பு இரைச்சலைத் துளைத்துக்கொண்டு என் குரல் வந்தது.

"உங்க காலேஜ் பயதானாம். யாருன்னு தெரியுதா?"

ஹிஷாம் முதல்முறை கேட்பவனைப் போலக் கண்களை மூடிக் கேட்டான். "ரேடியோக்காரன் மாதிரி இருக்குண்ணே. நல்லாத்தான் பேசுறான்."

நான் மேசைக்கடியில் அவனை உதைத்தேன்.

"முதல்ல பேசுற குமாஸ்தா இருக்கான்ல, அது அவனோட சொந்தக் குரல். நான் ஆடு மேய்ச்சவன். கண்ணை மூடிக்கிட்டே எந்த ஆடு கத்துதுன்னு சொல்லுவேன். பய வாயைத் திறந்தாப் போதும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தத் தம்பி ஏன் பேச மாட்டேங்குது?"

"பல்வலிண்ணே. கடைவாய்ப் பல்லு. டாக்டர் வாயைத் திறக்கவே கூடாதுன்னுட்டார்."

"வாயைத் திறக்காம எப்படித் தின்பான்?"

ஹிஷாம் இதை எதிர்பார்க்கவில்லை. "பிடிவாதக்காரண்ணே. சாகுறதுன்னாலும் சாப்ட்டுட்டுத்தான் சாவான்."

உலகத்தில் எத்தனையோ வாக்கியங்கள் இருக்க, அவனுக்கு அது கிடைத்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இங்கே ஒரே சட்டியில் ரொட்டி தோய்த்துச் சாப்பிட்டவன் மேல் கை வைப்பது, பெற்ற தாயை அடிப்பதற்கு அடுத்த அவமானம். வேறு யாராவது கை வைக்க வந்தாலும் கூடச் சாப்பிட்டவர்தான் குறுக்கே நிற்க வேண்டும், வருவது சொந்த ஷேக்காக இருந்தாலும். சாப்பிட்டது வயிற்றில் இருக்கும்வரை அந்தக் காவல் உண்டு. வெந்தயம் சீக்கிரம் செரித்துவிடும் என்பதை நான் நினைக்க விரும்பவில்லை. ஊரைவிட்டுத் தப்ப தாய்ஸ் நகரத்துப் பேருந்தைப் பிடிக்கும் அளவுக்குச் செரிக்காமல் இருந்தால் போதும்.

நான் கல்சட்டியை அவர் பக்கம் தள்ளினேன். கையை விரித்துக் காட்டி, பல்வலிக்காரன் சிரிக்கக்கூடிய அளவுக்குச் சிரித்தேன்.

முஜல்லி என் தட்டிலிருந்து ஒரு ரொட்டித் துண்டைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டார். தோய்க்கவில்லை.

"எங்க மலையில கையை ஆட்டி ஆட்டைத்தான் கூப்பிடுவோம் தம்பி. மனுஷனை வாயாலதான் கூப்பிடுவோம்."

நகரத்தில் பிறந்து வளர்ந்தவனின் முட்டாள்தனம். எங்களுக்குச் சைகை போதும். மலைக்காரர்களுக்குச் சொல் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பயத்தில் மறந்துபோனது.

"நான் கூப்பிடுறேனேண்ணே, சாப்பிடுங்க!" என்றான் ஹிஷாம்.

"சட்டி யாருக்கு வந்துச்சோ அவன் கூப்பிடணும். ஒரே ஒரு வார்த்தை. பல்லு ஒண்ணும் கொட்டிடாது."

அடுப்படியிலிருந்து அவருடைய கல்சட்டி புறப்பட்டுவிட்டது. பரிமாறுபவர் அதை இடுக்கியில் பிடித்து, "வழி, வழி, சுட்டா நான் பொறுப்பில்ல!" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அது மேசையைத் தொட்டால் அவர் தன் சட்டியில் சாப்பிடுவார். நான் என் சட்டியோடு தனியாக நிற்பேன்.

பேசியே ஆக வேண்டும். சொந்தக் குரலில் பேசக்கூடாது. எனக்குத் தெரிந்த குரல்களை எல்லாம் தேடினேன். சட்டப் பேராசிரியர், பேருந்து நடத்துநர், மூக்கடைத்த என் மாமா. நடத்துநர்தான் பத்திரம் என்று முடிவு செய்து வாயைத் திறந்தேன். உள்ளே பயம் மட்டும்தான் விழித்திருந்தது. அதற்கு ஒரே ஒரு குரல்தான் தெரியும் போல.

"ம்ம்… கை வை. தின்னு," என்றேன், ஷேக் முஸ்ஃபிரின் குரலில்.

முஜல்லியின் முதுகு நிமிர்ந்தது. கை தானாகச் சட்டிக்குள் இறங்கியது. பல வருடங்களாக அந்தக் குரலுக்கு அடங்கிய கை. காது யோசிப்பதற்குள் அது ரொட்டியில் கறியையும் வெந்தய நுரையையும் அள்ளிக்கொண்டு மேலே வந்துவிட்டது. வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

அவர் கண்கள் மெதுவாக என் முகத்துக்கு வந்தன.

"நீயா," என்றார். இரைச்சலில் எனக்கு அது கேட்கவில்லை. உதடுகள் அப்படித்தான் அசைந்தன.

ஹிஷாம் தன் ரொட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். நான் ஓட வேண்டும் என்று நினைத்தேன். பின்னால் சுவர், பக்கத்தில் ஹிஷாம், எதிரே துப்பாக்கி.

"அண்ணே, கையை எடுங்க, சட்டியை வைக்கணும், சுடுதுண்ணே!" என்று பரிமாறுபவர் தலைக்கு மேல் கத்தினார். முஜல்லி அசையவில்லை. எடுத்த ரொட்டியைத் திரும்பச் சட்டியில் போட எந்த ஆண்மகனாலும் முடியாது, அதுவும் அவமானம்தான். வாயில் வைத்தால் அவர் இனி எனக்கும் ஷேக்குக்கும் நடுவில் நிற்க வேண்டும். கொதிக்கும் குழம்பு அவர் விரல்களைத் தாண்டி, மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சுட்டிருக்கும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரொட்டியின் நுனியில் வெந்தய நுரை நடுங்கியது. என் முழங்கால்கள் மேசையை ஆட்டுவதால்தான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவருடைய முழங்கை மேசையைத் தொடவே இல்லை.