சாய்ந்து தொங்கும் நுகத்தடி

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த லாட்ஜில், சுவரில் மாட்டிய நுகத்தடிக்குக் கீழே இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து எழுந்தால், ஒருவர் உடம்பு வலியில் பாதி மற்றவருக்குப் போய்விடும். முனைகளில் கிளியும் நடுவில் தாமரையும் செதுக்கிய அந்தப் பழைய நுகத்தடியை, லாட்ஜ் முதலாளி பொன்னுரங்கம் எண்பத்து நாலாம் வருஷம் கல்வராயன் மலையிலிருந்து வாங்கிவந்து, வார்னிஷ் அடித்து, அழகுக்காக நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். திருநாவலூர்க்காரர் ஒருவரின் பல்வலியோடு ஊர்போய்ச் சேர்ந்த உர வியாபாரி மறுநாளே வந்து சண்டை பிடித்ததும், கீழே கிடந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றை எடுத்துவிட்டார்.

எடுத்த நாற்காலி எங்கே கிடக்கிறது என்று அங்கே தரை துடைத்த பெருமாயிக்குத் தெரியும். அவள் புருஷன் கண்ணுசாமி மூட்டை தூக்கும்போது விழுந்து, முட்டி போய்ப் பாயோடு கிடந்தான். வடக்கனந்தலில் மகளுக்குக் கல்யாணம். பந்தலுக்குள் ஆள் தூக்கிப் போவதானால் வரவே மாட்டேன் என்றுவிட்டான். ஒரு மத்தியானம் அவனைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து நுகத்தடிக்குக் கீழே உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்தபோது கண்ணுசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தான். பெருமாயிக்கு முட்டியில் சுருக்கென்றது.

பாதி போதவில்லை. இளைத்த மாட்டைப் பூட்டினால் நடுக்கயிற்றை வலுத்த மாட்டுப் பக்கம் நகர்த்திக் கட்டுவது மலையில் எல்லோரும் செய்கிற காரியம். பாரம் வலுத்ததன் மேல் ஏறும். பெருமாயி ஸ்டூலில் ஏறி, கயிற்றைத் தான் உட்கார்ந்த பக்கமாக நகர்த்திக் கட்டினாள். முகூர்த்தத்தன்று கண்ணுசாமி மகளைக் கைப்பிடித்து மணைக்கு அழைத்துவந்தான். பின்னால் நொண்டிவந்தவளைப் பார்த்துவிட்டான்.

“காலுக்கு இன்னாடி?”

“செருப்பு கடிச்சிருக்கும்.”

“வெறுங்காலோட நின்னுகினு செருப்பு கடிச்சிதாம். கயித்த நகத்தி ஜாஸ்திய நீ வச்சிக்கினியா? நான் இன்னா நோஞ்சான் மாடா?”

“மாப்ள வூட்டுக்காரங்க பாக்குறாங்க. கம்முனு வாய்யா.”

மறுநாள் அவனே லாட்ஜுக்கு நடந்துவந்து கயிற்றைத் தன் பக்கம் இழுத்துக் கட்டினான். பூட்டிய ஜோடி பூட்டியபடியே இருந்ததால் மறுபடி உட்காரத் தேவைப்படவில்லை. அடுத்த நாள் அவள் தன் பக்கம் இழுத்தாள். பொன்னுரங்கம் கொஞ்ச காலம் நேராக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். வருஷங்கள் போயின. கயிறு நகர்ந்து நகர்ந்தே நடுவிலிருந்த தாமரை இதழ் இதழாகத் தேய்ந்து வழுவழுப்பானது. அழகுக்கு மாட்டியது இப்படிக் கோணலாகத் தொங்குகிறதே என்று அறை எடுக்க வருகிறவர்கள் கேட்பார்கள். பொன்னுரங்கம் தலை நிமிராமல் சாவியை நீட்டுவார்.

“இன்னிக்கு அந்தம்மா முறைங்க.”