தலைவர் சொல்லாத வாக்கு

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அடுத்தவர் பேச்சைத் தன் வாயால் பேசுவது அவள் பிழைப்பு. பேசுகிறவர் ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பாளரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் அவள் பலமுறை அமைச்சராக இருந்திருக்கிறாள்; ஒரு தடவை முக்கால் மணி நேரம் உலக சமாதானமாகவே இருந்திருக்கிறாள்.

இன்று அவள் அணை இருக்கும் நாட்டுக் குழுவின் தலைவர். ‘எல்லை கடந்த சவால்கள்’ மாநாட்டுக்கு இது ஏழாவது வருடம். விஷயம் என்னவோ ஒரே வரிதான்: மதகைத் திறக்கும் முன் ஆற்றின் கீழே இருக்கும் நாட்டுக்குச் சொல்வதா, வேண்டாமா? போன வருடம் மேசை வட்டமா நீளமா என்பதிலேயே நான்கு நாள் போயிற்று.

அந்தக் கீழ்நாட்டில் வாழ்க்கைப்பட்ட அக்கா காலையில் கூப்பிட்டிருந்தாள்.

“இங்க பொட்டு மழை இல்லடி. தண்ணி மட்டும் படியேறுது. இன்னும் திறப்பாங்களா? கேட்டுச் சொல்லேன்.”

“நான் எங்கக்கா கேக்கறது? அவங்க பேசறதத்தான் நான் பேசணும்.”

“நல்ல உத்தியோகம்டி! போன தடவ மாமியாரக் கட்டிலோட தூக்கினோம். இந்தத் தடவ எனக்கு இடுப்பு இல்ல.”

மதியம் தலைவர் பேசினார். நதி நம் தாய் என்றார். தாய்க்கு ஏது எல்லை என்றார். நாற்பது நிமிடம் அப்படியே தாயின் மடியை விட்டு இறங்கவில்லை. அவர் குரல் காதுக்குள் மெத்தென்று இறங்கியது. எதிர்ச்சுவர் வரைபடத்தில் இருந்த நீலக்கோடு மெல்லப் பருத்தது. கம்பளம் நனைந்தது. பெயர்ப்பலகைகள் தோணிகளாக ஆடின. பளபளத்த காலணிகள் ஜோடி ஜோடியாக மிதந்து போயின. தண்ணீர் கூண்டின் கண்ணாடிவரை ஏறியபோது ஒரு குரல் தெளிவாகச் சொன்னது:

“ஆகவே இன்று முதல், மதகைத் திறப்பதற்கு எட்டு மணி நேரம் முன்பாகக் கீழே உள்ளவர்களுக்கு நான் தகவல் தருவேன்.”

அரங்கத்தின் ஒரு பாதி எழுந்து கைதட்டியது. அந்தக் குரல் தன்னுடையது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பக்கத்தில் இருந்த பெரியவர், கீழ்நாட்டார் பேச்சை எதிர்த்திசையில் மொழிபெயர்ப்பவர், ஒலிவாங்கியைப் பொத்தினார்.

“தாயே, அந்தாளு தண்ணிதான் குடிச்சாரு.”

தண்ணீர் குடித்ததற்குக் கைதட்டல் கிடைத்ததில் தலைவருக்கு ஆச்சரியமில்லை. அதைவிட அற்பமானவற்றுக்கும் வாங்கியவர். கையசைத்தார்.

கீழ்நாட்டுத் தலைவர் எழுந்து நா தழுதழுக்க நன்றி சொன்னார். அதைச் சொல்ல வேண்டியது பெரியவர். ஓய்வு பெற அவருக்கு ஒன்றரை வருடம் பாக்கி. அவளைப் பார்த்தார். “அக்கா” என்று அவள் உதடு மட்டும் அசைந்தது. பெரியவர் பெருமூச்சு விட்டார், பொத்தானை அழுத்தினார், ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தார்: “உங்கள் எட்டு மணி நேர வாக்குறுதிக்கு எங்கள் மக்கள் கடமைப்பட்டவர்கள்.”

அணைக்க மறந்த ஒலிவாங்கி வழியே தலைவரின் கிசுகிசுப்பு கூண்டுக்கு வந்தது.

“யோவ், நான் எப்பய்யா சொன்னேன்?”

அதுவரை தூங்கிக்கொண்டிருந்த செயலாளர் கண்ணைத் துடைத்தார். “சொன்னீங்களே ஐயா. எனக்கே கண்ணு கலங்கிருச்சு.”

“எட்டுன்னா சொன்னேன்?”

“கம்பீரமா சொன்னீங்க.”

தலைவர் சட்டையை நீவிக்கொண்டு கேமராக்கள் பக்கம் திரும்பினார். “பல நாள் உறங்காம யோசிச்சு எடுத்த முடிவு” என்றார். கையெழுத்தும் போட்டார். அணைக்கு அங்கிருந்தே ஆணை போயிற்று.

மாலையில் அவள் நடைபாதைச் சுவரில் சாய்ந்து அக்காவைக் கூப்பிட்டாள்.

“அக்கா, இனிமே சொல்லிட்டுத்தான் திறப்பாங்க.”

“யாரு சொன்னா?”

“தலைவர்தான்.”

“அந்த ஆளா? ஏழு வருசமா வாயால வட சுடறவன நம்பச் சொல்றியா? போடி... இரு, தெருவுல ஏதோ வண்டி, மைக்குல கத்தறான்.” கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அக்காவின் குரல் உயர்ந்தது. “திறக்க இன்னும் எட்டு மணி நேரமாம்டி! வை போன. மாடிக்குத் தூக்க நெறய கெடக்கு.”