திருமண நாள் காண்பவர்கள்

காணிக்கைப் பாட்டு முடிந்ததும் போதகர் மைக்கை நெருங்கி, "இந்த வாரத்தில் பிறந்த நாள், திருமண நாள் காண்பவர்கள் முன்னே வரலாம்" என்றார். ஆஞ்சலா எழுந்தாள். எழுந்த பிறகுதான் எழுந்திருக்கிறோம் என்று தெரிந்தது. மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் அவர்களுடைய சபையிலும் இதே வழக்கம்தான். பதினான்கு வருடமாக ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்த வார்த்தைகளைக் கேட்டதும் அவளும் டொமினிக்கும் எழுந்து முன்னே போவார்கள். கால்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

டொமினிக் மார்ச்சில் இறந்துவிட்டான்.

பெங்களூர் காக்ஸ் டவுனின் இந்தத் தேவாலயத்தில் அது யாருக்கும் தெரியாது. பெங்களூரும் மைசூரும் பார்க்க இரண்டு பேராக வருவதென்று ஜனவரியில் போட்ட பயணம் இது. லீவு ஏற்கெனவே கிடைத்திருந்தது. அதனால் வந்தாள். வேறு காரணம் யோசித்துப் பார்த்தும் கிடைக்கவில்லை. ஊரில் அவள் அண்ணன்தான் எல்லோருக்கும் போன் செய்து செய்தியைச் சொன்னார். அவள் தன் வாயால் அந்த வாக்கியத்தை ஒருவரிடமும் சொன்னதில்லை. யாரும் சொல்லச் சொல்லிக் கேட்கவுமில்லை.

பீடத்தின் முன்னால் இரண்டு தம்பதிகள் நின்றார்கள். மூன்றாவதாக அவள் மட்டும்.

"பிறந்த நாளாம்மா?" போதகர் குனிந்து கேட்டார்.

"இல்லைங்க. திருமண நாள். வியாழக்கிழமை."

"அவர் வரலையா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"வெளிநாட்டுல இருக்காரா?"

"நாங்க மலேசியா" என்றாள். அது உண்மைதான்.

போதகர் பெயரைக் கேட்டுக்கொண்டு, தலைமேல் கை வைத்து ஜெபித்தார். கடலுக்கு அப்பால் இருக்கும் டொமினிக் என்ற மகனுக்கு நீடித்த ஆயுளைக் கொடுக்கும்படி அவர் கேட்டபோது சபை முழுவதும் ஆமென் என்றது. அவளும் சொன்னாள். உள்ளே ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தாள். எதுவும் நடக்கவில்லை. காலுக்குக் கீழே தரை சில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பது வயதிருக்கும். பாடகர் குழுவின் வெள்ளைப் புடவை.

"என் பேர் பெட்டி. திருமண நாள் வாரத்துல தனியா ஓட்டல்ல சாப்பிடப் போறீங்களா? வாங்க வீட்டுக்கு."

"இல்லக்கா, நான் காலையிலேயே பசியாறிட்டேன்."

"பசியாறிட்டீங்களா! கேட்டியா அனுஷா?" என்று மகளைப் பார்த்துச் சிரித்தாள். "அது உங்க ஊரு காலைப் பசியாறல். இது எங்க ஊரு மத்தியானச் சாப்பாடு, ஊட்டா. வாங்க, ரெண்டு தெரு தள்ளித்தான்."

வீட்டில் தேங்காய்ப்பால் சாதமும் கோலா உருண்டைக் குழம்பும் இருந்தன. பெட்டியின் கணவர் கிளிஃபர்ட், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், நாற்காலியை இழுத்துப் போட்டார். டொமினிக்கைப் பற்றிக் கேள்விகள் வந்தன.

"சார் என்ன வேலை சிஸ்டர்?"

"துறைமுகத்துல. கிரேன் ஆபரேட்டர்."

"காரம் சாப்பிடுவாரா?"

"பச்சை மிளகாயைக் கடிச்சிக்கிட்டே சாப்பிடுவார்."

"அப்ப இவருக்கு நேர் எதிர்" என்றாள் பெட்டி. "இவருக்கு மிளகைப் பார்த்தாலே விக்கல். ஆனா பாருங்க, பொண்டாட்டிய ஊர் சுத்த அனுப்பிட்டு அங்க ஜாலியா இருக்காரு உங்காளு. வரட்டும், நான் ரெண்டு வார்த்தை கேக்கணும்."

மார்ச்சுக்குப் பிறகு டொமினிக்கை யாரும் திட்டியதில்லை. அவன் பெயரை எடுத்தாலே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இங்கே அவன் திட்டு வாங்கிக்கொண்டு, எங்கோ ஒரு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். இந்த மேஜையைவிட்டு எழுந்திருக்கும்வரை அவன் அப்படியே இருக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தாள். இன்னொரு உருண்டையை வாங்கிக்கொண்டாள்.

"ஏன் வரட்டும்? இப்பவே கேளு" என்றார் கிளிஃபர்ட். "சிஸ்டர், போன் போடுங்க. நாங்களும் ஒரு விஷ் பண்ணிடறோம்."

"அவர் தூங்கிட்டு இருப்பார்."

"ஆன்ட்டி, அங்க இப்ப நாலரை மணி" என்றாள் அனுஷா. "ஞாயித்துக்கிழமைன்னா எங்கப்பாவும் அப்படித்தான். எழுப்பி விடுங்க."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். மறுக்க ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அதைத் தேடுவதைவிட அழைப்பது சுலபமாக இருந்தது. இடது கையால் போனை எடுத்தாள். நான்கு மாதமாக அதில் டொமினிக்கின் பெயரை அவள் தொடவில்லை. தொட்டாள். அனுஷா கையை நீட்டி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள்.

ஒரு பெண்குரல் மலாயில் பேசியது. நிதானமான, நல்ல குரல்.

"ஐயோ, யாரது எடுக்கறது?" பெட்டி தோளால் கிளிஃபர்டை இடித்தாள். "நான் சொல்லல?"

கிளிஃபர்ட் சிரித்தார். "சும்மா இரு. ரெக்கார்டிங். என்ன சொல்றா சிஸ்டர்? லைன் பிசியா?"

குரல் அதையே மறுபடி சொன்னது. பிசி என்று சொல்லிவிடலாம். சொன்னால் இவர்கள் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போடச் சொல்வார்கள். மறுபடியும் இந்தக் குரல் பேசும். ஆஞ்சலா அழைப்பைத் துண்டித்தாள்.

"இந்த நம்பர் இப்ப யார்கிட்டயும் இல்லைன்னு சொல்றா" என்றாள்.

"மாத்திட்டாரா?"

"இல்ல. அவர் இறந்துட்டார். மார்ச்சுல."

தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று சொல்வதுபோல் சாதாரணமாக வந்தது அவள் குரல். அவளுக்கே அது புதிதாக இருந்தது.

அனுஷா தட்டைப் பார்த்தாள். பெட்டியின் முகத்திலிருந்து சிரிப்பு போக இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது.

"அப்ப சர்ச்ல..." என்று ஆரம்பித்தார் கிளிஃபர்ட். பெட்டி அவரைப் பார்த்தாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

"கூப்பிட்டாங்க. எந்திரிச்சிட்டேன்" என்றாள் ஆஞ்சலா. "பொய் சொல்லணும்னு வரலக்கா. உங்க சாப்பாட்டையும் சாப்பிட்டுட்டேன்."

"அதுக்கு என்ன இப்ப" என்றாள் பெட்டி. குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. நியாயமான கோபம்தான். பிறகு நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள். "நான் வேற அவரைத் திட்டித் தீர்த்துட்டேன்."

"திட்டினது நல்லாத்தான் இருந்தது."

பெட்டி அவளை உற்றுப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு அவருக்கு?"

இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கிளிஃபர்ட் கை கழுவ எழப்போனவர் மறுபடி உட்கார்ந்தார். அழுகை வரவில்லை. வரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் வாக்கியங்கள் இருந்தன, ஒன்றன்பின் ஒன்றாக. எங்கிருந்து தொடங்குவது என்று மட்டும் யோசித்தாள்.

"அன்னைக்கு அவர் வாசல்ல கார் கழுவிட்டு இருந்தாரு" என்றாள்.