பிரேக் மட்டும் பாக்கி

என் மாணவர்கள் மூன்று பேர் என் அறை வாசலில் வந்து நின்றார்கள். குழுவில் நாலாவதாக இருக்கும் பெண்ணை எடுத்துவிட வேண்டுமாம். எடுத்தால் அவள் இந்தப் பாடத்தை அடுத்த வருடம் திரும்பப் படிக்க வேண்டும். அது அவர்களுக்கும் தெரியும்.

வகுப்பில் யார் பெயரும் எனக்கு மனதில் நிற்காது. செய்கிற பாகத்தை வைத்தே கூப்பிடுவேன். வந்தவர்கள் சக்கரம், மோட்டார், புரோகிராம்; அந்தப் பெண் பிரேக். சரிவில் தானாக நிற்கும் ஒரு குட்டி வண்டியை வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்ட வேண்டும். இவர்கள் வேலை முடிந்துவிட்டது. பிரேக் மட்டும் பாக்கி.

"எப்ப பாத்தாலும் யார் பக்கத்துலயாவது உக்காந்து பேசிட்டே இருக்கா மேடம்," என்றான் மோட்டார்.

மதிப்பெண், ஓய்வு நேரம் எல்லாம் அலசி இந்தக் குழுவைச் சேர்த்தவள் நான். அது புட்டுக்கொண்டால் எனக்கு ரோஷம் வராதா? அதோடு, எதையும் தோண்டித் துருவாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. நாலு பேரையும் பட்டறைக்கு வரச் சொன்னேன்.

புகார் சொன்னவர்களைத் தனித்தனியாக அழைத்து, வேலை சிக்கினால் முதலில் யாரிடம் போவாய் என்று கேட்டேன். சக்கரம் ஆடியபோது கூடவே உட்கார்ந்து பிடித்துக்கொண்டவள் பிரேக்தானாம். மோட்டார் சூடாகிப் புகைந்தபோதும் அவள்தான். புரோகிராம் கொஞ்சம் நெளிந்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனோடு உட்கார்ந்து தப்பைத் தேடியிருக்கிறாள்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எல்லோரையும் ஒன்றாக நிற்க வைத்து, மூவரும் சொன்னதைப் போட்டு உடைத்தேன். அவர்கள் முகம் தொங்கிப் போனது. நீ எங்கேயும் போக வேண்டாம் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "நானே விலகிக்கிறேன்னு சொல்லத்தான் வந்தேன் மேடம். பிரேக் நிஜமாவே வரல. ஸ்பிரிங் பிடிக்கவே மாட்டேங்குது."

"யார்கிட்டயாவது கேக்க வேண்டியதுதானே?"

"யார்கிட்ட போறதுன்னு தெரியல."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று பேரிடம் கேட்ட கேள்வியை நாலாவது ஆளிடம் கேட்க எனக்கும் தோன்றவில்லை.

புரோகிராம்தான் முதலில் அசைந்தான். ஒரு ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"எங்க, அந்த ஸ்பிரிங்க காட்டு."