இடி நேரத்துக் கடிதம்

சோதனைப் பொத்தானை யோகநாதன் மூன்றாவது முறை தட்டினான். மானேஜர் கனகலிங்கத்தின் கணினியில் மூன்றாவது மின்னஞ்சலும் வந்து விழுந்தது. "போதுமா?" என்று கேட்டுக்கொண்டே அவன் வயர்களைச் சுருட்டிப் பைக்குள் வைக்க ஆரம்பித்தான். செர்வரை விற்ற கம்பெனியின் ஆள். காலையில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து மேருவிலிருக்கும் இந்தக் கிடங்கு வரை லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தவன், திரும்பும்போதாவது நெரிசலுக்கு முன்னால் கிளம்பிவிட நினைத்தான்.

"போதாது" என்றாள் கெர்ட்ரூட்.

அந்தக் குளிர்பதனக் கிடங்கின் கணினிகளெல்லாம் அவள் பொறுப்பு. புதிய செர்வர், கிடங்கின் கணினிக்கும் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இருக்கும் கப்பல் ஏஜெண்டின் கணினிக்கும் நடுவில் நின்று, இங்கிருந்து போகும் உத்தரவுகளை அங்கே புரியும்படி மாற்றி அனுப்பும். ஓர் உத்தரவு போய்ச் சேராவிட்டால் உடனே மின்னஞ்சலில் எச்சரிக்கும். இதுவரை அந்த எச்சரிக்கை வேலையைச் செய்தவர் டெலிவரி கவுண்டர் கொர்னேலியஸ்தான். தினமும் சாயங்காலம் போர்ட்டுக்குப் போன் போட்டு ஒவ்வொரு கண்டெய்னராக விசாரிப்பார். திங்கட்கிழமையிலிருந்து விசாரிக்க வேண்டாம் என்று கனகலிங்கம் சொல்லிவிட்டார்.

போன மாதம் கொர்னேலியஸ் காய்ச்சலில் படுத்திருந்தபோது, குளிர்ப்பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கச் சொல்லும் உத்தரவு ஒன்று வழியிலேயே தொலைந்தது. ஒரு கண்டெய்னர் இறால் வெயிலில் கிடந்து அழுகியது. அதைக் கழுவப் போன லோரிக்காரர்கள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இனி அப்படி ஒன்று நடந்தால் கேட்க ஆளே இருக்காது. செர்வர் அனுப்பும் அந்த எச்சரிக்கைக் கடிதம் மட்டும்தான்.

"பட்டன தட்டினா அது நீங்க அனுப்புற கடிதம். செர்வர் தானா அனுப்புற கடிதத்த நான் பாக்கணும்."

"ரெண்டும் ஒண்ணுதான் லா."

"ஒண்ணா இருந்தா காட்டுங்க."

இல்லாத ஏஜெண்ட் ஒருவரின் பேருக்கு அவள் பொய் உத்தரவு ஒன்றை அனுப்பினாள். உத்தரவு போய்ச் சேரவில்லை என்று செர்வரில் சிவப்புக் கோடு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மோடம் கீச்சிட்டு வெளியே எங்கோ பேசியது. கடிதம் வந்தது.

"பாத்தியா? நேரா எனக்கே வந்துருச்சு" என்றார் கனகலிங்கம். எச்சரிக்கைகள் ஆபீஸ் மெயிலுக்கு அல்ல, தன் இணைய மின்னஞ்சல் முகவரிக்குத்தான் வர வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு.

அப்போது வானம் இருட்டியது. முதல் இடி தகரக் கூரையை உலுக்கியதும், கீழே இருந்த கொர்னேலியஸ் படியேறி வந்தார். யாரையும் கேட்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு மோடத்தின் தொலைபேசி வயரைப் பிடுங்கிவிட்டார்.

"ரெண்டு மோடம் இடியில கருகிப்போச்சு. மூணாவது கருகினா பாஸ் என்னையே கருக்கிருவாரு."

யோகநாதன் சிரித்தான். கெர்ட்ரூட் தொங்கிய வயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் அவள் படிக்கும் அயல்நாட்டு நாவல்களில் பனியில் புதைந்த தபால் வண்டி ஒன்று அடிக்கடி வரும். அதற்குள் கடிதங்கள் பத்திரமாகவே இருக்கும்.

"எப்ப திரும்ப மாட்டுவீங்க, அங்கிள்?"

"மழ விட்டப்புறம். மறக்காம இருந்தா."

அவள் இன்னொரு உத்தரவை அனுப்பினாள். சிவப்புக் கோடு விழுந்தது. கடிதம் வரவில்லை. உத்தரவு போகும் வழியும் எச்சரிக்கை போகும் வழியும் அந்த ஒரே வயர்தான்.

"வயர பிடுங்கக் கூடாதுன்னு சொல்லிருவோம்" என்றார் கனகலிங்கம்.

"அப்ப அடுத்த மோடத்துக்கு நீங்களே மால போடுங்க, பாஸ்" என்றார் கொர்னேலியஸ்.

"பிடுங்கட்டும், சார்" என்றாள் கெர்ட்ரூட். "கடிதம் மொதல்ல கவுண்டர் கணினிக்குப் போகணும். ஆபீஸ் மெயில் கட்டடத்துக்குள்ளயே ஓடுது, மோடம் வேண்டாம். உங்களுக்கு ரெண்டாவதா வரட்டும்."

"மானேஜர் நானா, கவுண்டரா?"

"உங்களுக்கு வந்தா நீங்க யாருக்குச் சொல்லுவீங்க? கொர்னேலியஸ் அங்கிளுக்குத்தானே."

கனகலிங்கம் யோகநாதனைப் பார்த்து, மாற்றச் சொல்லிக் கையை அசைத்தார்.

"ஹைவே ஜாம்ல உக்காரப் போறது நான்" என்று முனகியபடி அவன் மறுபடி உட்கார்ந்தான்.

"தே தாரிக் வாங்கித் தரேன், குடிச்சுக்கிட்டே முகவரிய மாத்துங்க."

கொர்னேலியஸ் கவுண்டருக்கு இறங்கிப் போனார். மழை கூரையில் கொட்டியது. வயர் அப்படியே தொங்க, அவள் அடுத்த பொய் உத்தரவை அனுப்பினாள். சிவப்புக் கோடு. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பொண்ணு," கீழிருந்து கொர்னேலியஸின் குரல் வந்தது, "இங்க என்னமோ கத்துது."

"என்ன எழுதியிருக்கு?"

கண்டெய்னர் எண்ணை அவர் ஒவ்வொன்றாகப் படித்தார்.

"சரி, இப்ப என்ன செய்வீங்க?"

பதிலுக்குத் தொலைபேசியில் எண்களை அழுத்தும் சத்தம் கேட்டது. "ஹலோ, போர்ட்டா?"

"அங்கிள், அது பொய்க் கண்டெய்னர்."

"சாரி பாஸ், சும்மா டெஸ்ட்டு. நீங்க சாப்பிட்டாச்சா?" என்று அவர் போர்ட்டுக்காரரிடம் பேச்சை மாற்றினார்.

"போன் வயர மட்டும் பிடுங்க மாட்டியா?" என்று கனகலிங்கம் மேலிருந்து கேட்டார்.

"அது கருகினா போன் கம்பெனிக்காரன் மாத்துவான், பாஸ்."

கனகலிங்கம் சிரித்துவிட்டார். "அப்ப திங்கக்கிழம ஓட்டலாம்."

"அங்கிள் காய்ச்சல்ல படுத்தா?" என்றாள் கெர்ட்ரூட்.

அவர் சிரிப்பு அடங்கியது. அந்த இறாலின் நாற்றம் அவருக்கும் மறந்திருக்காது.

"என் மேசைக்கும் ஆபீஸ் மெயில்லயே ஒண்ணு வரட்டும். கவுண்டர்ல ஆள் இல்லன்னா நான் போன எடுக்குறேன்."

தோளில் மாட்டிய பையை யோகநாதன் இறக்கினான். "உங்க ஆபீஸ் முகவரியயும் போட்டா நான் போலாமா?"

"போட்டா போதாது" என்றாள் கெர்ட்ரூட். "வயர் இல்லாமலே வந்து சேரணும்."

மழை குறைந்திருந்தது. வயரை மாட்ட நினைத்துக் கொர்னேலியஸ் படியேறி வந்துகொண்டிருந்தார்.

"இன்னும் மாட்டாதீங்க, அங்கிள்" என்றாள் கெர்ட்ரூட், அடுத்த உத்தரவைத் தட்டியபடி.